ஓனர் பேரு, நட்சத்திரம்

"ஃபோர் வீலரா, டூ வீலரா?" என்று கேட்டார் குருக்கள்.

"ஃபோர் வீலர்தான் சாமி," என்றான் மாரிமுத்து.

"வண்டி எங்கே?"

மாரிமுத்து கையிலிருந்த துண்டை மெதுவாகப் பிரித்து, உள்ளே இருந்ததைத் தரையில் வைத்தான். ஒரு சாண் நீளம். வெள்ளைக் கார்.

வல்லக்கோட்டை முருகன் கோவில் வாசலில் வண்டிப் பூஜைக்கு நின்ற மொத்த வரிசையும் கொல்லென்று சிரித்தது.

அடுத்து நின்ற புதுச் சிவப்புக் காரிலிருந்து பிள்ளைப்பாக்கம் கன்னியப்பன் இறங்கி வந்தார். முந்தின நாள் எடுத்த வண்டி. சீட்டு கவரைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"இன்னா சாமி இது? பன்னண்டு அடிச்சா ராகு காலம். நீங்க பொம்மைக்குப் பூஜை போட்டுக்கினு இருந்தா, நான் எப்ப வண்டிய எடுக்கறது?"

குருக்களுக்கும் தர்மசங்கடம். "ஏம்ப்பா, உள்ளே போய் சுவாமிகிட்டே வெச்சு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயேன்."

"இல்ல சாமி. முறையாப் பண்ணணும். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கணும்."

"எலுமிச்சம்பழமா?" கூட வந்திருந்த நம்பிராஜன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "பழத்துல ஏறுனா ஒன் வண்டி குப்புற கவுந்துரும்லே!"

மாரிமுத்து சட்டைப் பையிலிருந்து நாலு எலுமிச்சம் பிஞ்சை எடுத்துக் காட்டினான். சுண்டைக்காய் சைஸ்.

வரிசை மறுபடி சிரித்தது.

"சாமி, நான் சொல்லுதேன் கேளுங்க," என்றான் நம்பிராஜன். "பென்னலூர்ல நாங்க ஒரே ரூம். இவன் கார் கம்பெனில, பெயிண்ட் ஷாப்புல பாலிஷ் போடுறவன். அங்க தேய்ச்சது பத்தாதுன்னு ரூமுக்கு வந்து இதைத் தேய்ப்பான். மொதல்ல சில்வர் அடிச்சான். தண்ணி தொட்டு உப்புத்தாள் போட்டுத் தேச்சுத் தேச்சு, மூஞ்சி பாக்கற மாதிரி ஆக்கிட்டான். சரி முடிஞ்சிதுன்னு பாத்தா, அது மேலயே நீலம்! கதவுக் கோடு, பானட்டுக் கோடெல்லாம் பெயிண்டுல அடைஞ்சு போச்சு. பிளேடு முனையால ஒவ்வொரு கோடா கீறி எடுத்தான். அப்புறம் பாத்தா கறுப்பு. அப்புறம் செவப்பு. இப்ப வெள்ள. இவனுக்கு ஒரு கலரு நிக்காது சாமி!"

"மென்டலா இவன்?" என்றார் கன்னியப்பன்.

சொல்லிவிட்டாலும் அவருக்கே குனிந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஹெட்லைட்டில் சாக்லேட் சுற்றி வந்த ஜிகினாத்தாள். இண்டிகேட்டருக்கு ஆரஞ்சு நெயில் பாலிஷ். தலைமுடி கனத்தில் கம்பி வைப்பர். பக்கவாட்டில் கன்னியப்பனின் மீசை அப்படியே தெரிந்தது.

"வேல சுத்தமாத்தான் கீது. நம்பர் பிளேட்டு மட்டும் ஏன்ப்பா மொட்டையா வுட்டுட்ட?"

"அது அப்படித்தான் அண்ணாச்சி."

பிறகு குருக்களைப் பார்த்தான். "சாமி, எனக்குக் காண்ட்ராக்ட் முடிஞ்சிட்டு. சாயங்காலம் ஊருக்குப் பஸ்ஸு. இனிமே இந்தப் பக்கம் வருவனோ என்னவோ. இன்னைக்கு விட்டா பண்ணவே முடியாது சாமி."

குருக்கள் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். கன்னியப்பனைப் பார்த்தார். "சரி சரி, சட்டுனு வை."

"அவ்ளோதான், நம்ம நேரம் போச்சி," என்று கன்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

பிஞ்சுகள் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தன. குருக்கள் சந்தனத்தைக் குழைத்து பானட்டில் மூன்று இழு இழுத்தார்.

"ஐயையோ!" என்றான் நம்பிராஜன். "எங்களை ஒரு வெரலு வைக்க விட மாட்டானே! தொட்டா ரேகை படியும்னு சண்டைக்கு வருவானே!"

மாரிமுத்து கை கட்டி நின்றான்.

"யார் பேருக்கு அர்ச்சனை? ஓனர் பேரு, நட்சத்திரம் சொல்லு."

மாரிமுத்து குனிந்து கார் மேலிருந்த தூசியை ஊதினான்.

"நாழியாறதுப்பா. ஓனர் பேரு?"

"தெரியாது சாமி."

"உன் பேரு உனக்குத் தெரியாதா?"

"நான் ஓனர் இல்ல சாமி."

"அடப்பாவி!" கன்னியப்பன் குதித்தார். "அடுத்தவன் பொருள எத்துக்கினு வந்து பூஜை வேற போடறியா?"

"அய்யோ, இல்ல அண்ணாச்சி." மாரிமுத்து தரையைப் பார்த்துச் சொன்னான். "லைன்ல என்ன கலர் ஓடுதோ, அந்தக் கலர இதுல அடிச்சேன். அம்புட்டு வண்டியும் என் கை பட்டுத்தான் வெளிய போச்சு. யாரு வாங்குனா, எங்க ஓட்டுதாங்க, ஒண்ணும் தெரியாது. பாதி வண்டி கப்பல்ல போவுது. அந்த ஊர்ல எலுமிச்சம்பழம் யாரு வைக்கப் போறா? புள்ளகுட்டியோட போறவங்க பத்திரமா வீடு திரும்பணும்லா? அதான் சாமி... அவங்க எல்லாருக்குமா சேத்து ஒரே அர்ச்சனை."

நம்பிராஜன் குனிந்து, விலகிக் கிடந்த ஒரு பிஞ்சைச் சக்கரத்துக்கு நேராக நகர்த்தி வைத்தான்.

குருக்கள் பெயர் கேட்கவில்லை. மணியை எடுத்து ஆட்டினார். மாரிமுத்து ஒரே விரலால் காரை முன்னால் தள்ளினான். நாலு பிஞ்சும் நசுங்கின.

கன்னியப்பன் மெல்ல அவன் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, எந்தக் கம்பெனில இருந்த?"

சொன்னான்.

அவர் திரும்பித் தன் சிவப்புக் காரை ஒரு பார்வை பார்த்தார்.

"இதுல செவப்பு பெயிண்டு எத்தினியாவது கோட்டு?"

"வெள்ளைக்கு நேர் கீழ, அண்ணாச்சி."

"வாங்கோ வாங்கோ," குருக்கள் அவசரமாகச் சிவப்புக் காருக்கு நகர்ந்தார். "பன்னண்டுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. ஓனர் பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ."

கன்னியப்பன் குனிந்து, தன் கார் சக்கரங்களுக்கு முன்னால் வைத்திருந்த எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்.

"நம்மளுது ஆயிடுச்சி சாமி. நீங்க அடுத்த வண்டியப் பாருங்க."