எதிர்க் கம்பம்

இரண்டு நாடுகளும் ஒன்றாகிவிட்டன. சின்ன நாட்டின் கொடியை எல்லையில் கடைசி முறையாக இறக்கும் வேலை காவலர் மாசிலாவின் தலையில் விழுந்தது. இறக்கி மடித்துக் கொடுத்தால் அவருடைய நாடு முடிந்தது.

பத்தொன்பது வருடமாக மாலைதோறும் அவர் இறக்கும்போதே எல்லைக் கோட்டுக்கு அப்பால் காவலர் தொபியாசும் பெரிய நாட்டுக் கொடியை இறக்குவார். ஒன்று மற்றதைவிட ஒரு விரற்கடைகூடத் தாழக் கூடாது என்பது எல்லை வழக்கம். இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கண்ணாலேயே கயிற்றை அளந்துகொள்வார்கள்.

இன்று பெரிய நாட்டுக் கொடி பறந்தபடியே இருக்க வேண்டுமென்று உத்தரவு. மாசிலா எதிரே பார்க்காமல் கயிற்றை அவிழ்த்தார். கொடி பாதிக் கம்பத்துக்கு வந்தபோது எதிர்ப்பக்கத்துக் கப்பி கிறீச்சிட்டது. நிமிர்ந்தார். தொபியாசின் கொடியும் பாதிக் கம்பத்தில் நின்றது.

"யோவ், உன்ன யாருய்யா இறக்கச் சொன்னது?" என்று பெரிய நாட்டு அதிகாரி கத்தினார்.

"அவரு கொடி கீழ வர்றப்ப என்னுது மேல நின்னதே இல்லீங்கய்யா" என்றார் தொபியாஸ்.

அந்தக் குரலை மாசிலா அன்றுதான் கேட்டார். எதிரே பார்த்து, கயிற்றை ஒரு முழம் விட்டார். அங்கேயும் ஒரு முழம் இறங்கியது.