கெட்டிக் குழம்பு

சோற்றையும் மரவள்ளிக்கிழங்கையும் விட்ட யுவராஜ் இரண்டு மாதத்தில் எட்டுக் கிலோ இளைத்தான். அதன்பின் மூன்று வாரமாக, அவன் எடை பார்க்கும் சோளக்காடு ஊர் மிளகுக்கடைத் தராசு எண்பத்து நான்கு கிலோவிலேயே நின்றது.

"திருட்டுத் தீனி ஏதாச்சும் திங்கறயா?" என்று கேட்டார் கடைக்காரர்.

யுவராஜின் சந்தேகம் வேறு பக்கம் போனது. முட்டைக் குழம்பு முன்பு இவ்வளவு கெட்டியாக இருக்காதே?

மறுநாள் வேலைக்குக் கிளம்பியவன் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பி வந்து சமையலறையை எட்டிப் பார்த்தான். மனைவி சுசித்ரா குழம்பில் கிழங்கு மாவைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு இப்படிப் பண்ற? இன்னும் நாலு கிலோ குறைஞ்சாத்தான் என் கல்லீரல்ல பாதிய உனக்கு வெக்க முடியும்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"அதனாலதானுங்க. எனக்காக உங்க வயித்தைக் கிழிக்க வேண்டாமுங்க."

அவன் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டான்.

"இனிமே சமையல் நான்தான்."