தங்கையின் தட்டில் மத்தி

“உனக்கு அது வேண்டாம். கையை எடு.”

மாமியார் சொன்ன வேகத்தில் மருமகளின் கை பின்வாங்கியது.

மேசை நடுவே பொரித்த வஞ்சிரத் துண்டுகள். மகனுக்கு இரண்டு, தனக்கு ஒன்று, மருமகளைப் பார்க்க வந்திருந்த அவளுடைய அக்காவுக்கு நடுத்துண்டாகத் தேடி எடுத்து மூன்று. மருமகள் தட்டில் மட்டும் விரல் நீள மத்திகள்.

அக்கா கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. அநியாயத்தைக் கண்டால் மணி அடித்தாலும் வகுப்பை முடிக்காதவள்.

“ஏன் அத்தை, இவளுக்கு மட்டும் ஏன் இது?”

“அவளுக்கு அது போதும்மா. நீ சாப்பிடு. எப்படி இளைச்சுக் கிடக்கே பாரு.”

“என் உடம்பை விடுங்க. போன ஞாயித்துக்கிழமையும் இதே கூத்துதான். எங்களுக்கெல்லாம் வஞ்சிரம், இவளுக்கு மத்தி.”

தங்கையின் கணவன் தொண்டையைச் செருமினான். “அக்கா, அது வந்து…”

“நீங்க பேசாதீங்க தம்பி. இத்தனை நாள் தொண்டையில முள்ளு சிக்கினவர் மாதிரி இருந்தீங்கல்ல, அப்படியே இருங்க.”

“விடுக்கா, எனக்கு மத்தி பிடிக்கும்” என்று தங்கை கெஞ்சினாள்.

“யாருகிட்டடி கதை விடுறே? ஒரு வஞ்சிரத் துண்டுக்காகச் சின்ன வயசுல என் கையைக் கடிச்சவ நீ. கல்யாணம் நாக்கையுமா மாத்திடும்?”

அக்கா தட்டைத் தள்ளிவைத்தாள்.

“மீனைப் படிச்சுத்தான் நான் சம்பளம் வாங்குறேன் அத்தை. வஞ்சிரம் வேட்டைக்கார மீன். ஆள் நீளம் வளரும், பல்லெல்லாம் கத்தி. மத்தி பாவம், தண்ணியில மிதக்கிறதை வடிகட்டித் தின்னுட்டுக் கூட்டமா அலையும். கடல்ல இருக்கிற அத்தனை பேருக்கும் அதுதான் தீனி. இந்த வீட்டுல நீங்க வஞ்சிரம், என் தங்கச்சி மத்தி. அதைத்தானே தட்டுல வெச்சுக் காட்டுறீங்க?”

மாமியார் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது.

“எழுந்திரு. பெட்டியை எடுடி. மனுஷங்களைத் தரம் பிரிச்சுச் சோறு போடுற வீட்டுல உனக்கு என்ன வேலை? வஞ்சிரமாம், பெரிய வஞ்சிரம்! தின்ன மீனோட விஷத்தையெல்லாம் தன் உடம்புல சேர்த்து வெச்சுக்கிற மீனுக்கு இந்த வீட்டுல இத்தனை மவுசா? அதுல எவ்வளவு பாதரசம் இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? வருஷா வருஷம் பாடம் நடத்துறேன். வயித்துல பிள்ளை இருக்கிறவங்க அதைத் தொடவே…”

பேச்சு நின்றது.

அக்கா தங்கையின் தட்டைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

“எத்தனை மாசம்டி?”

“ரெண்டு” என்றாள் தங்கை, தலை நிமிராமல்.

அக்காவின் முகம் மலர்ந்தது. மறுகணமே பழையபடி கொதித்தது.

“ரெண்டு மாசம்! கூடப் பிறந்தவகிட்டயே மறைக்கச் சொன்னது யாரு? இதுவும் உங்க உத்தரவுதானா அத்தை?”

“ஆமாம்மா, நான்தான் சொன்னேன்.” மாமியார் முதன்முறையாக நிமிர்ந்தார். “உன் வயித்துல இருந்தது தங்காமப் போய் இன்னும் ஒரு மாசம்கூட ஆகலையே. ஆஸ்பத்திரியிலேருந்து வந்த கையோட இந்தச் சேதியை உன் காதுல போட எனக்கு மனசு வரல. நீ தேறி எழுந்திருக்கிற வரைக்கும் என்னைக் கொடுமைக்காரின்னு திட்டிட்டுப் போறதா இருந்தாலும் போகட்டும்னு, இவங்க ரெண்டு பேர் வாயையும் கட்டிப்போட்டேன்.”