பக்கத்து ஸ்டோல்

புருசனை விடியக்காலையில் பொலிஸ் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. பெண்சாதியோ கண்காட்சியில் நின்று இடியப்பம் பிழிகிறாள். அதுவும் முகத்துக்குப் பவுடர் போட்டு, வாயெல்லாம் பல்லாக!

பக்கத்து ஸ்டோலில் ஊதுபத்தி விற்க வந்திருந்த கனகசபாபதிக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனைச் சுற்றிவளைப்பில், சந்தேகத்தின் பேரில் அவள் புருசன் றேமண்ட் பிடிபட்ட செய்தி, அவர் வெள்ளவத்தையில் பஸ் ஏறும்போதே காதுக்கு வந்துவிட்டது. இந்த ஸ்டோல் இன்றைக்குப் பூட்டித்தான் கிடக்கும் என்று நினைத்து வந்தவர் அவர்.

மேசையில் இருந்தது றேமண்ட் தன் கையால் செய்த இடியப்ப மெஷின். சுவிச்சைப் போட்டால் போதும், தட்டில் இடியப்பம் விழும். செலீன் அதைப் பக்கத்துக் காஸ் அடுப்பில் அவித்து, வருகிற போகிற எல்லோரையும் கூப்பிட்டுச் சம்பலோடு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கனகசபாபதியால் பொறுக்க முடியவில்லை.

"இதென்ன பிள்ளை வேலை? மனுசன் உள்ளுக்க இருக்கிறான். நீ இங்க சிரிச்சுக்கொண்டு நிக்கிறாய். பூட்டிப்போட்டுப் பொலிசுக்கு ஓடு."

"காலமை போயிட்டுத்தான் வந்தனான் ஐயா. இனி நான் இங்கதான் நிக்கவேணும்."

"வியாபாரம் நாளைக்கும் செய்யலாம். றேமண்ட் எனக்கு ஒரு மகன் மாதிரி. அந்த உரிமையிலதான் சொல்லுறன்."

"அப்ப நீங்கள் ஒருக்காப் போய்ப் பாக்கேலுமோ ஐயா?"

"நான் போனா என்ர ஸ்டோலை ஆர் பாக்கிறது?"

செலீன், வந்து நின்ற அடுத்த ஆளுக்குத் தட்டை நீட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மின்வெட்டுக் காலம். மண்டபத்து ஜெனரேட்டர் லைட்டுகளுக்கு மட்டும்தானாம்.

"பார், கடவுளே சொல்லுறார். இனியெண்டாலும் பூட்டு" என்றார் கனகசபாபதி.

செலீன் மோட்டரின் பெல்ட்டைக் கழற்றினாள். இரும்புக் கைபிடி ஒன்றை மாட்டி, கையாலேயே சுற்றத் தொடங்கினாள். மெஷின் கடகடவென்று ஊரைக் கூட்டியது. ஆனால் இடியப்பம் விழுந்தது.

பிறகு அச்சு அடைத்துக்கொண்டது. கழற்றி, ஊசியால் ஒவ்வொரு கண்ணாகக் குத்தி, சுடுதண்ணீரில் கழுவித் திரும்ப மாட்டினாள்.

அதற்குப் பிறகு கண்காட்சியை நடத்தும் ஒழுங்குக் குழுக்காரர் வந்தார்.

"ஸ்டோல் மிஸ்டர் றேமண்ட் பேரில இருக்கு. அவர் இல்லாட்டி மூடத்தான் வேணும் மிஸிஸ்."

"அவர் வருவார். அதுவரைக்கும் இதைப் பூட்ட விடமாட்டன்" என்றாள் செலீன். சொல்லும்போதும் அந்தச் சிரிப்பு மட்டும் குறையவில்லை. குழுக்காரர் இரண்டு இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

கை கொப்பளித்துவிட்டது. லேஞ்சித் துணியைக் கையில் கட்டிக்கொண்டு, கைபிடியை விடாமல் சுற்றினாள்.

"கல்நெஞ்சுக்காரி" என்று எதிர் ஸ்டோல்காரருக்குச் சொல்லித் தலையிலடித்துக்கொண்டார் கனகசபாபதி.

பின்னேரம் போல், ஒட்ட வெட்டிய தலைமயிரோடு ஓர் ஆள் அவருடைய ஸ்டோலுக்கு வந்தான். ஊதுபத்தியை எடுத்து மணந்து பார்த்தான். மெதுவாகச் சிங்களத்தில் கேட்டான்.

"பக்கத்து ஸ்டோல் றேமண்டைத் தெரியுமா?"

ஆள் நின்ற நிலையிலேயே இவன் பொலிஸ்காரன் என்று கனகசபாபதிக்கு விளங்கிவிட்டது.

"இல்லை மாத்தயா. எனக்கு அவர்களை யாரென்றே தெரியாது" என்றார் சிங்களத்தில். சொல்லிவிட்டு, ஏற்கெனவே அடுக்கியிருந்த ஊதுபத்திப் பெட்டிகளைத் திரும்பவும் அடுக்கத் தொடங்கினார்.

மெஷின் போட்ட சத்தத்தில் செலீனுக்கு இது ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆள் அந்தப் பதிலோடு வாசல் பக்கம் திரும்பினான்.

"மாத்தயா! மாத்தயா! ஒன்று சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்!"

உடைந்த சிங்களத்தில் கூப்பிட்டது செலீன்தான். அவன் தயங்கித் திரும்பி வந்தான். ஒன்று சாப்பிட்டான். இன்னொன்று கேட்டு வாங்கினான். மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, யார் செய்தது, எப்படிச் செய்தது என்று துருவித் துருவிக் கேட்டான். அவளும் ஒவ்வொரு உறுப்பாகத் தொட்டுக் காட்டி விளக்கினாள். கடைசியில் குனிந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனான்.

செலீன் அப்படியே மா மூட்டைமேல் குந்தி, வாய்விட்டு அழுதாள்.

கனகசபாபதி பதறிப்போய் ஓடிவந்தார்.

"என்னவாம் பிள்ளை? என்ன சொல்லிப்போட்டுப் போறான்?"

"இவரை இண்டைக்கே விடுவினமாம் ஐயா!"

"என்னது?"

"கண்காட்சிக்கு ஸ்டோல் போட்டிருக்கிறன் எண்டு இவர் சொன்னதைச் சார்ஜன்ட் நம்பேல்லை. ஆள் அனுப்பிப் பாப்பன், மெஷின் ஓடினா விடுவன், பூட்டிக் கிடந்தா நீ சொன்னதெல்லாம் பொய்யெண்டு மேலிடத்துக்கு அனுப்பிப்போடுவன் எண்டு காலமை என்னட்டைச் சொன்னவர். ஆர் வருவினம், எப்ப வருவினம் எண்டு எனக்கென்ன தெரியும்? அதுதான் வந்த எல்லாரையும் அந்த ஆளெண்டு நினைச்சுச் சிரிச்சனான்."

கனகசபாபதி வாசல் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"இதை... இதை என்னட்டையெண்டாலும் சொல்லியிருக்கலாமே பிள்ளை."

"வாய் திறந்தா விடமாட்டன் எண்டு சார்ஜன்ட் வெருட்டினவர் ஐயா." செலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இந்தமுறை உண்மையான சிரிப்பு. "ஆனா எனக்குப் பயமில்லை. அக்கம்பக்கத்தில விசாரிச்சா நல்லதா ஒரு சொல்லுச் சொல்ல நீங்கள் நிக்கிறீங்கள் எண்ட துணிவிலதான் நாள் முழுக்க நிண்டனான்!"