மணல் வீட்டு விருந்தாளிகள்

நமீபியப் பாலைவனத்தில், வைரம் தீர்ந்ததும் ஆட்கள் விட்டுப்போன ஊர் அது. வீடுகளில் இப்போது மணல்தான் குடியிருக்கிறது. நான் நுழைந்த வீட்டில் ஜன்னல் விளிம்புவரை மணல். இருந்தும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டேன். வழிகாட்டி டங்கேனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “வெளியே இருக்கிறதைவிட உள்ளேதானே அதிக மணல்!” எனக்கும் தெரிகிறது, கால்தான் கேட்கவில்லை. அவர் போனபின் உள்ளே மணல்மேட்டில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, எங்கள் வேனில் வந்த மதுரைத் தம்பதி வாசலில் தயங்கினார்கள். பயணம் முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர்கள்.

“செருப்பு கெடக்குங்க, யாரோ இருக்காக,” என்றாள் அந்தப் பெண். பிறகு குரலை உயர்த்தி, “உள்ள வரலாமா சார்?”

சென்னையில் என் வீட்டு மணியைக் கடைசியாக அடித்தவர் கூரியர்காரர். அதுவும் பக்கத்து வீட்டுப் பார்சலுக்கு.

“வாங்க, வாங்க!” எழுந்து மணலைத் தட்டி இடம் ஒதுக்கினேன். “வீடு கொஞ்சம் தூசியா இருக்கு, தப்பா நெனச்சுக்காதீங்க.” அவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். பையிலிருந்த பிஸ்கட்டைப் பிரித்து நீட்டினேன்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. இருவரும் எழுந்தார்கள்.

“அதுக்குள்ள கெளம்பிட்டீங்களா? இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போலாமே,” என்றபடி வாசல்வரை வந்து கையசைத்தேன். நானும் அதே வேனில்தான் போகவேண்டும்.