நகத்தளவு தகரம்

பானி ஊரின் கார் கழுவுமிடத்தில் ஞாயிற்றுக்கிழமை வெயில் ஈரத்தரையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. நாலு மணிக்குக் கார் ஸ்பீக்கர்களின் ஒலிப்போட்டி. எதெர்சனின் மாம்பழ மஞ்சள் காரிலிருந்து, பாட்டுக்கும் அடியில், கொசுபோல் ஓர் இரைச்சல் ரீங்கரிக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதியும் ஏறுகிறது. ஆம்ப்ளிஃபயரைப் பலகையில் ரப்பர் வைத்து அசையாமல் பொருத்தியவனுக்கு, தப்பு எங்கே என்று பிடிபடவில்லை. அவனோடு போட்டி போடப்போகும் யுதெல்கா, தன் காரை விட்டு வந்து அவன் டிக்கிக்குள் தலையை நுழைக்கிறாள். எர்த் வயரைத் தடவிக்கொண்டே போன அவள் விரல், அது முடிகிற போல்ட்டில் நிற்கிறது. போல்ட்டுக்கு அடியில் பளபளவென்று மஞ்சள்.

"அடப்பாவி, பெயிண்ட் மேலயா எர்த்த முடுக்கினே?"

"மூணு கோட்டு அடிச்சிருக்கேன். போன வாரம்தான். சுரண்ட மனசு வரல."

"பெயிண்ட்டுல கரண்ட் பாயுமா? அப்போ பெயிண்ட்டயே பாடச் சொல்லு."

அவள் உப்புத்தாளை நீட்டுகிறாள். பெற்ற பிள்ளையைக் கிள்ளுவதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டு எதெர்சன் தேய்க்கிறான். மஞ்சள் தூள் அவன் மணிக்கட்டில் உதிர்கிறது. நகத்தளவு தகரம் வெள்ளையாகச் சிரிக்கிறது. வயரை அதன்மேல் வைத்து இறுக்கி, வண்டியைக் கிளப்பி, ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறான். கொசு இல்லை. பாட்டு மட்டும், கழுவிவிட்டதுபோல்.

"நாலு மணிக்கு என்னைத்தானே நீ ஜெயிக்கணும்? எதுக்கு இதெல்லாம்?"

யுதெல்கா கையைத் துடைத்துக்கொண்டே தன் காருக்கு நடக்கிறாள்.

"கொசுவ ஜெயிச்சேன்னு ஊர்ல சொல்லிக்க முடியுமா?"