ஐந்தாவது படி

"வாங்க சார், காலையிலிருந்து உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்" என்று தலைமை ஆசிரியை பள்ளியின் கேட்டுக்கே ஓடிவந்தாள்.

வெளியே நின்றவர் சற்றுத் தடுமாறினார். "நான் வருவேன்னு போன் பண்ணிட்டாங்களா?"

"எட்டு மணிக்கே பண்ணிட்டாங்க சார்."

"நானே நேர்ல சொல்லிக்கலாம்னு நெனச்சேன். சரி, அதுவும் நல்லதாப் போச்சு."

நாற்பது பிள்ளைகள் படிக்கும் சின்ன நர்சரிப் பள்ளி அது. இரண்டு மாதத்துக்கு முன்னால் நாலரை வயதுக் குழந்தை ஒன்று சறுக்குமரத்தில் ஏறும்போது விழுந்து கையை முறித்துக்கொண்டது. அன்றைக்கே விளையாட்டு மைதானத்தைப் பூட்டினாள். முந்தாநாள் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இன்றைக்கு, பிள்ளைகள் வராத சனிக்கிழமை, ஆய்வு. வருகிறவர் எழுதிக்கொடுப்பதைப் பொறுத்துத்தான் பள்ளி நடப்பதா, மூடுவதா என்பது. அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஃபைல் எல்லாம் ஆபீஸ் ரூம்ல எடுத்து வச்சிருக்கேன் சார்."

"ஃபைல் எதுக்கு? எனக்கு அந்த இடத்தைப் பார்க்கணும்."

பூட்டுக்குள் சாவி போக மறுத்தது. இரண்டு மாதமாகத் திறக்காத மைதானப் பூட்டு. மைதானத்தில் புல் முட்டி உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஊஞ்சல் சங்கிலியில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

அவர் சறுக்குமரத்தின் அருகே போய் நின்றார்.

"எந்தப் படியிலிருந்து விழுந்தது?"

"அஞ்சாவது படி சார்."

"பக்கத்துல யாரு இருந்தாங்க?"

இந்தக் கேள்விக்கு அவள் ஒரு பதிலைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். ஆயா நின்றிருந்தாள், ஒரு நொடி அசந்துவிட்டாள் என்று. ஆனால் அவர் கேட்ட குரலில் அதட்டல் இல்லை. அதுதான் அவளைக் கவிழ்த்துவிட்டது.

"நான்தான் சார். இன்னொரு குழந்தைக்கு ஷூ லேஸ் கட்டிவிடக் குனிஞ்சேன். நிமிர்றதுக்குள்ள விழுந்துட்டா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். போச்சு, பதினொரு வருஷ உழைப்பும் ஒரே வாக்கியத்தில் போச்சு.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "லேஸ் கட்டிவிடத்தானே குனிஞ்சீங்க" என்றார். பிறகு, "நான் ஏறிப் பார்க்கலாமா? என் எடையைத் தாங்குமா?"

"தாங்கும் சார்."

அவர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார். ஐந்தாவது படியில் நின்றுவிட்டார். இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின. நெற்றியெல்லாம் வியர்வை. விரிசல் ஏதோ கண்ணில் பட்டுவிட்டது என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

ஒருவழியாக உச்சிக்குப் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு சறுக்கினார். பாதி வழியில் சிக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் உந்தி உந்தி வந்து மணலில் பொத்தென்று விழுந்தார்.

கோபப்படுவார் என்று பார்த்தாள். சிரித்தார்.

"இன்னொரு தடவை பார்த்துடறேன்."

இரண்டாவது தடவை கண்ணை மூடவில்லை. மூன்றாவது தடவை கையைத் தூக்கிக்கொண்டே வந்தார். நான்காவது தடவை ஐந்தாவது படியில் நிற்கக்கூட இல்லை. சட்டை முதுகெல்லாம் துரு. ஆய்வு என்றால் இத்தனை தடவையா செய்வார்கள்? கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"டீச்சர், இந்த சீசா பலகைக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு ஆள் வேணுமே."

"ஆயாவைக் கூப்பிடட்டுமா சார்?"

"நீங்களே உட்காருங்களேன்."

மாட்டேன் என்று சொன்னால் அதையும் எழுதிவிடுவாரோ? செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு பலகையின் நுனியில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் மறுமுனையில் உட்கார்ந்ததும் பலகை விருட்டென்று மேலே போனது. அடிவயிற்றில் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. சின்ன வயதில் அவளுக்கு ரொம்பப் பிடித்த, பிறகு அடியோடு மறந்துபோன பயம் அது. அவர் உந்தினார், இறங்கினாள். இவள் உந்தினாள், மறுபடி ஏறினாள். மூன்றாவது தடவை அவளை அறியாமல் ஒரு சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்தது. இந்தப் பலகையைத் தானே தேடி வாங்கிப் போட்டவள், ஒரு நாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை.

உடனே பகீரென்றது. ஆய்வுக்கு வந்தவர் முன்னால் இப்படியா இளிப்பது?

அவள் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மேடம், கல்வி அலுவலகத்திலிருந்து பேசறோம். எங்க ஆய்வாளர் இன்னிக்குக் கிளம்பவே முடியல. திங்கட்கிழமைதான் வருவார்."

போனை மெல்லக் காதிலிருந்து எடுத்தாள். கால் தரைக்கு எட்டவில்லை.

"அப்போ நீங்க யாரு சார்?"

"கைய ஒடச்சுக்கிட்டாளே, அந்தப் பாப்பாவோட அப்பா டீச்சர். கப்பல்ல வேலை, போன வாரம்தான் வந்தேன்" என்றவர், அவள் அதிராதபடி பலகையை மெதுவாக இறக்கினார். "'நீ பயப்படாம விளையாடிக் காட்டு, அப்புறம் நான் ஸ்கூலுக்கு வரேன்'னு சொல்லிட்டா. அதோ, வேலிக்கு அந்தப் பக்கம் அவங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா பாருங்க. நீங்க சிரிச்சதையும் பார்த்துட்டா."